நாலாம் அறையில் படிக்கிற சத்தம்

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் இதைப் போனில் தட்டுகிறாள்.

வெள்ளவத்தையில் நான் பார்த்துக்கொள்கிற லொட்ஜில், நாலாம் அறைத் தம்பி கம்பஸில் பொருளியல் படிக்கிறவர். விடிய எழும்பி உரத்துப் பாடமாக்குவார்: "கேள்வி கூடினால் விலை கூடும்." நெகிழ்ச்சி என்ற சொல் வந்ததும் ஒவ்வொரு நாளும் ஒரு செருமல்.

"கேள்வி கேட்டால் ஏன் தம்பி விலை கூடுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஐயா, இந்தக் கேள்வி எண்டால் சனம் வாங்க விரும்புறது. விசாரிக்கிறது இல்லை," என்று சிரித்தார்.

திங்கட்கிழமை சீருடையில் வந்தவர்கள், "சின்னக் கேள்வி ஒண்டுதான்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றைக்குப் பத்து மணிக்கு அவர் கம்பஸில் சோதனை எழுத வேண்டும்.

காலையில் விறாந்தையைக் கூட்டும்போது அதே பாடம் கேட்டது. அதே இடத்தில் அதே செருமல். ஓடிப்போய்ப் பார்த்தால், நாலாம் அறைக் கதவில் நான் போட்ட பூட்டு அப்படியே தொங்குது. பாடமோ நிற்கவில்லை.

பக்கத்து அறை அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன ஐயா, சோதனை உங்களுக்கோ?"

அப்போதுதான் என் வாய் அசைவது எனக்குத் தெரிந்தது.

இப்போது மணி பன்னிரண்டு. தம்பி வரவில்லை.

கம்பஸ் பிள்ளைகள் யாராவது சொல்லுங்கோ, ஒரு சின்னக் கேள்விக்கு எத்தனை நாள் பிடிக்கும்? கீழே எழுதினால் மருமகள் வாசித்துக் காட்டுவாள். நான் பாடமாக்கிவிடுவேன்.