அறுபது பிள்ளைகளின் மூச்சு

ஹிரானுமா அண்ணனைக் கஞ்சன், பிடிவாதக்காரர் என்பார்கள் எங்கள் ரயில் பணிமனையில். இரண்டும் மெய்தான். இருபத்தொன்பது வருஷம் எங்கள் ரயில்களின் ஹீட்டரையும் ஃபேனையும் கவனித்துக்கொண்டவர். எதைத் தொட்டாலும் விரலை நீட்டிக் காட்டி, "வால்வு, சரி!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் தொடுவார். வேலையில் நாங்கள் எல்லாருமே அப்படித்தான். அவர் மட்டும் வீட்டில் சாப்பிடும்போதும் "ஊறுகாய், சரி!" என்பாராம்; அவர் மனைவியே சொல்லிச் சிரிப்பார்.

கரண்ட் வீணானால் அவருக்கு வயிறு எரியும். பனிக்காலத்தில் பெட்டியில் நாலு கிழவர்கள் இருந்தாலும் நூறு பேருக்கான வெளிக்காற்றை மெஷின் உள்ளே இழுக்கும். அந்தக் குளிர்காற்றைச் சூடாக்கி மறுபடி வெளியே தள்ளும். "வானத்துக்குக் கம்பளி போத்துறோம்டா" என்று திட்டுவார். ஆளுக்குத் தக்கபடி காற்று விட்டால் போதாதா? பெட்டி எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பது பிரேக்குக்காக ஏற்கெனவே அளக்கப்படுகிறது. அந்தப் பாரத்தை வைத்து ஆளைக் கணக்கிட்டு, ஃபேன் தானாகக் கூடிக் குறையும்படி ஒரு பெட்டியில் அமைத்தார். மூன்று குளிர்காலம் அதிலேயே போயிற்று.

மார்ச்சில் அவருக்கு ஓய்வு. பிப்ரவரி கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் சோதிக்க வந்தார்கள். தேறினால் எல்லா ரயிலுக்கும் வரும். தேறாவிட்டால் கழற்றிப் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு நான்தான் கண்டக்டர்.

"ஏம்மா குதோ, மூஞ்சிய ஏன் உம்முன்னு வச்சிருக்க? உன்னையா பொண்ணு பாக்க வந்திருக்காங்க?" என்று அண்ணன் என்னைச் சீண்டினார்.

"கல்யாணம் உங்க மெஷினுக்குத்தாண்ணே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்பெட்டியில காத்திருக்காங்க, போங்க."

மூன்றாவது ஸ்டேஷனில் மஞ்சள் தொப்பியோடு அறுபது மழலைப்பள்ளிப் பிள்ளைகள் பின்பெட்டியில் ஏறினார்கள். அதுதான் சோதனைப் பெட்டி; கண்டக்டர் நிற்கும் இடமும் அதன் கடைசியில்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது. புழுக்கம். கூச்சல் அடங்கிப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைக்குப் பதினாறு கிலோ என்றால் அறுபது பேரும் மெஷினுக்குப் பதினைந்து பெரியவர்கள்தான். அந்தப் பதினைந்து பேருக்குத்தான் அது காற்று விட்டுக்கொண்டிருந்தது.

என் தலைக்கு மேலே ஒரு சுவிட்ச். தட்டினால் ஃபேன் முழு வேகத்தில் ஓடும், சோதனையும் கெடும். இன்னும் இரண்டு ஸ்டேஷன்தானே என்று நினைத்தேன். கையைத் தூக்கவில்லை. பாவி நான்.

ஜன்னலோரத்தில் ஒரு சின்னப்பெண் வெளிறிப்போய், வாந்தியெடுத்து, டீச்சர் மடியில் துவண்டாள்.

நடுக்கதவு திறந்தது. ஹிரானுமா அண்ணன். இவ்வளவு குறைவாகக் கரண்ட் செலவானதே இல்லை என்று முன்பெட்டியில் மீட்டரைப் பார்த்து அதிகாரிகள் பாராட்டினார்களாம். இவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். விரல் நீட்டவில்லை, "சரி!" என்று சொல்லவுமில்லை. எட்டி சுவிட்சைத் தட்டினார். ஜன்னல்களையும் திறந்துவிட்டார். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

"நீ பாத்தியா?" என்றார் என்னிடம்.

"பாத்தேண்ணே."

"பாத்துட்டுமா சும்மா நின்ன?"

"உங்க சோதனை கெட்டுடுமேன்னுதான். உங்களுக்காகத்தாண்ணே."

"எனக்காகவா? அந்தப் புள்ள எனக்காகவா மூச்சு முட்டிக் கெடந்துச்சு?"

அவர் குரல் உயரவேயில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

'பாரத்தை ஆளென்று எண்ணியது என் தவறு' என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார். சுவிட்சைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அமைத்ததையெல்லாம் தம் கையாலேயே கழற்றிவிட்டு ஓய்வில் போனார்.

இப்போது ஓடும் புதிய பெட்டிகள் பாரத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே மூச்சுக்காற்று எவ்வளவு தேங்குகிறது என்று அளந்து ஃபேனை ஓட்டுகின்றன. கரண்ட் மிச்சமாகிறதென்று எல்லாருக்கும் பெருமை. அவர் பேரைச் சொல்ல ஒருவரும் இல்லை.

போன இலையுதிர்காலத்தில் அவர் இறந்துபோனார். ஊதுபத்தி ஏற்றி வணங்கப் போனபோது, அந்த சுவிட்ச் விஷயத்தை அவர் மனைவியிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

"தெரியும்மா," என்றார். "அந்த ரிப்போர்ட்ட மூணு தடவ எழுதினாரு. மொத ரெண்டுலயும் உன் பேரு இருந்துச்சு."