படிப்பகத்துக் கொட்டாங்குச்சி

திண்டிவனத்துக்கு வெளியே எங்கள் காலனியில் ஒரு படிப்பகம் இருந்தது. கல்யாணம், கூட்டம் எல்லாம் அங்கேதான். அதைப் பார்த்துக்கொண்ட மனிதர் ஒரு சிடுமூஞ்சி. ஒட்டிய கன்னம், கையில் எப்போதும் பனை விசிறி. நாங்கள் பட்டதை நாளைக்கு எவனும் இல்லையென்று சொல்லிவிடக் கூடாது என்று பழைய சாமான்களைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். ஊர் டீக்கடையில் எங்கள் அப்பன்மாருக்கு டீ ஊற்றிக் கொடுத்த கொட்டாங்குச்சி நடுவில் தொங்கியது. யார் தொட்டாலும் விசிறிக் காம்பால் விரலில் அடிப்பார்.

பஞ்சாயத்துத் தேர்தலுக்கு அந்த டீக்கடைக்காரனே ஓட்டுக் கேட்டு வந்தான். ஒழுகும் கூரையைப் பார்த்தான்.

"ஓடு போட்டுத் தரேன்டா. அந்தக் கொட்டாங்குச்சிய மட்டும் குப்பைல போடு. அசிங்கமா கீது."

மழைக்காலம் நெருங்கிவிட்டது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் கொட்டாங்குச்சியைக் கழற்றி, பானைத் தண்ணீரை மொண்டு கடைக்காரனிடம் நீட்டினார்.

"வெயில்ல வந்துகினு கீறீங்க. குடிங்க. உங்க கடை ஏனந்தான்."

"யாருகிட்டடா நீட்டற?"

"ஓட்டு கேக்க வந்தவருகிட்டதான். குடிச்சிட்டு கேளுங்க, போடறோம்."

அவன் காறித் துப்பிவிட்டுப் போனான்.

அந்த ஐப்பசி முழுக்கக் கூரை ஒழுகியது. பெஞ்சில் நனைந்துகொண்டிருந்த எரிச்சலில், "அந்தக் கொட்டாங்குச்சியையாவது கீழ வச்சி தண்ணி புடிய்யா" என்று கத்திக்கொண்டே அதில் கை வைத்தேன். விரலில் அடி விழுந்தது.

கடைக்காரன் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இவர் மேல் இருந்தது எப்போது ஆறியது என்றுதான் தெரியவில்லை.