திங்கட்கிழமை இலை

திங்கட்கிழமைதோறும் காசிமாயன் ஒரு கோதுமை இலையை வெள்ளைப் பனியன் துணியில் வைத்துத் தேய்க்கிறார். காம்பிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. பிறகு துணியை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். வெள்ளையாகத்தான் இருக்கிறது. "இந்த வாரமும் பாஸு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறார்.

அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. கறையோ ஓட்டையோ கண்டால் அதன்மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, ரிஜெக்ட் பெட்டியில் போடுவார். தைத்தவரைத் திட்டமாட்டார். சூப்பர்வைசர் கத்தினால் மட்டும், அந்த ஆள்மேல் எந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்பதுபோல மேலும் கீழும் பார்ப்பார்.

காசிமாயனுக்கு ஊர் கொடைக்கானலுக்கும் மேலே. அரை ஏக்கர் கோதுமை. இரண்டு வருஷமாகத் துரு விழுந்து போய்விட்டது. இரும்பில் பிடிக்கிற துரு இல்லை. இலையில் செங்கல் நிறத்தில் பொடிப்பொடியாக வரும் பூசணம். "வெள்ள வேட்டியோட வயலுக்குள்ள போனா, சாமியாராத்தான் வெளிய வருவேன்" என்பார். இந்த முறை புது விதை. மனைவி வெள்ளையம்மாள் வாரம் ஓர் இலையைப் பறித்துப் பொட்டலம் கட்டி, பல்லடம் வருகிற கேரட் லாரியில் கொடுத்தனுப்புகிறார். கதிர் முற்றும்வரை துணி வெள்ளையாக இருந்தால் இவர் அறுப்புக்குப் போவார், கம்பெனிக்குத் திரும்ப மாட்டார். சிவந்தால் அந்த அம்மாவும் மலையிறங்கி இங்கே பனியனில் நூல் பிசிர் வெட்ட வரவேண்டியதுதான்.

போன மாதம் விளையாட்டுக்கு இலையில் நான் கொஞ்சம் செங்கல் பொடியைத் தடவி வைத்தேன். துணியைப் பார்த்தவர் அப்படியே நின்றார். அப்புறம் பொடியை விரலில் நசுக்கினார்.

"துருன்னா பவுடர் மாதிரி வழுக்கும்டா. இது நறநறங்குது. எந்தச் செவுத்தச் சொரண்டுன?"

செக்கிங் டேபிளே சிரித்தது. எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்குத் தேய்த்தபோது துணியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. இந்த வாரப் பொட்டலத்தை நான் தொடக்கூட இல்லை.

"ஏன்டா, நீதான?"

"ஆமாங்ண்ணா. நான்தானுங்க."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, கோட்டின்மேல் மெதுவாகத் தேய்த்தார். நறநறவென்று ஒரு சத்தமும் வரவில்லை.

"எந்தச் செவுரு?"

"பாத்ரூம் செவுருங்ண்ணா."

"நல்ல செவுருதான்" என்றார்.

ஓர் அம்பு ஸ்டிக்கரை உரித்து, அதன் முனை கோட்டைத் தொடும்படி ஒட்டினார். துணியை நான்காக மடித்து ரிஜெக்ட் பெட்டியில் போட்டார். அடுத்த பீஸை இழுத்தார்.