பீட்சாவின் நடுத்துண்டு

எனக்குப் பொறாமை அதிகம். பெருமைக்காகச் சொல்லவில்லை, எவ்வளவு மறைத்தாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அடுத்தவர் நகையிலோ சம்பளத்திலோ எனக்குக் கண் போவதில்லை. மனிதர்கள் விஷயத்தில்தான் வினையே. எனக்கு வேண்டியவர் இன்னொருவருக்கும் வேண்டியவராகிவிட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. போன வருடம் இது ஒரு பீட்சாவில் போய் முடிந்தது.

பாளையங்கோட்டை பீட்சாவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சென்னையில் பீட்சா என்றால் ஆட்களுக்கு நினைவு வருவது வேறு. எங்களுடையது பேக்கரி பீட்சா. பன் மாவைக் கையால் தட்டிப் பரப்பி, பாட்டிலில் வருகிற தித்திப்பான தக்காளி சாஸைக் கரண்டியால் தடவுவார்கள். மேலே பெரிய வெங்காயம், குடமிளகாய், துருவிய கேரட், பொடியாக நறுக்கிய பச்சைமிளகாய். எல்லாவற்றுக்கும் மேலே சீஸ் கட்டியைத் துருவிப் போட்டு, சாயங்கால பன் வெந்து இறங்கிய அதே அடுப்பில் தள்ளுவார்கள். இத்தாலிக்காரர் யாராவது பார்த்தால் கேஸ் போட்டுவிடுவார். எங்களுக்கு அது போதும்.

அதை வெட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. வேகும்போது ஓரமெல்லாம் பன் போல உப்பி எழும்பும். சீஸ் உருகி வழிந்து நடுவில் வந்து தேங்கும். நேராகக் கத்தி போட்டால் சீஸ் மொத்தமும் கத்தியோடு போய்விடும். அதனால் கடைக்காரர் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து நடுவில் வைத்து அழுத்துவார். வட்டமாக ஒரு துண்டு தனியாக வரும். அதற்குப் பிறகுதான் சுற்றியுள்ள ஓரத்தைக் கத்தியால் துண்டு போடுவார். ஒரு பீட்சாவுக்கு ஒரே ஒரு நடுத்துண்டு. அது யாருக்கு என்று அந்தக் கடை பெஞ்சில் புருஷன் பெண்டாட்டியே சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கும் என் சிநேகிதிக்கும் அந்தச் சண்டை வந்ததில்லை. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். சனிக்கிழமை டியூஷன் விட்டதும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பீட்சா வாங்குவோம். நடுத்துண்டு எனக்கு. "எனக்கு ஓரந்தாம்ட்டி புடிக்கும், கடிச்சா மொறுமொறுன்னு இருக்கும்" என்பாள். இப்படி ஒரு பொருத்தமா என்று எனக்குப் பூரிப்பாக இருக்கும். கல்லூரி முடிந்து, எனக்குக் கல்யாணமாகி, எப்போது ஊருக்குப் போனாலும் அந்த பெஞ்சில் அதே ஏற்பாடுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு மயிலாப்பூருக்கு வந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அந்த ஆறு வருடத்தில் நான் தேடாத இடமில்லை. தி. நகரில் அப்பளம் மாதிரி மெல்லிசாக ஒன்று கொடுத்தார்கள். அடையாறில் விறகடுப்பில் சுட்டது என்று சொல்லி, மேலே துளசி போல ஏதோ இலையைப் போட்டு நீட்டினார்கள். "நல்லாத்தானே இருக்கு?" என்றார் என் கணவர். நல்லாத்தான் இருந்தது. அது வேறு விஷயம். ஒவ்வொரு தோல்வியையும் அன்றே அவளுக்குப் போன் போட்டுச் சொல்வேன். "நான் அங்கன வந்து கண்டுபிடிச்சுத் தாரேன் பாரு" என்று சிரிப்பாள்.

அவள் நிஜமாகவே வந்தாள். ஈக்காட்டுத்தாங்கலில் இயந்திரப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை. ராயப்பேட்டையில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தங்கல். எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்னையை அவளுக்கு நான்தான் காட்டுவேன் என்று மனதுக்குள் அட்டவணையே போட்டு வைத்திருந்தேன். முதல் மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில்தான் சாப்பாடு. பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கி வந்து எங்கள் ஊர் மாதிரி தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்துப் போட்டேன்.

இரண்டாவது மாதம் "எங்க ஆபீஸ்ல ஒருத்தி" வந்து சேர்ந்தாள். என் சிநேகிதியின் பேச்சில் நாலு வாக்கியத்துக்கு ஒரு தடவை அந்த ஒருத்தி வந்துவிடுவாள். எங்க ஆபீஸ்ல ஒருத்தி இருக்கா, நல்லா மிமிக்ரி பண்ணுவா. எங்க ஆபீஸ்ல ஒருத்தி, ராயப்பேட்டையிலயே பொறந்து வளர்ந்தவ, வீட்ல உருது பேசுவாங்க, பிரியாணி கொண்டாந்தா பாரு. ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் திரும்புகிறார்களாம். நான் "ம்" கொட்டிக்கொண்டே குழம்பை ஊற்றுவேன். கொஞ்சம் அதிகமாகவே ஊற்றுவேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம். எவர்சில்வர் தட்டு. உப்பிய ஓரம், துருவிய கேரட். மருதாணி போட்ட ஒரு கை ஓரத்துண்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. தட்டின் நடுவில் வட்டமாக ஒரு வெற்றிடம். கீழே "எங்க ஊரு டேஸ்ட்டு!" என்று எழுதிச் சிரிக்கிற மூஞ்சி ஒன்றைப் போட்டிருந்தாள்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆறு வருடம் நான் நாயாக அலைந்த ஊரில் இவளுக்கு இரண்டே மாதத்தில் கிடைத்திருக்கிறது. கிடைத்ததும் என்னை ஒரு வார்த்தை கூப்பிடத் தோன்றவில்லை. எல்லாவற்றையும்விட அந்த வட்டம். நடுத்துண்டை அந்த மருதாணிக் கைக்காரிக்குத்தான் கொடுத்திருக்கிறாள், அதைத் தின்று முடித்துவிட்டுத்தான் அவள் ஓரத்துக்கே வந்திருக்கிறாள் என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்தேன். என்னுடைய இடத்தில் இன்னொருத்தியை உட்கார வைத்துவிட்டாள். அவளுக்கு நான் ஒன்றுமே எழுதவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

சும்மா இருந்திருக்கலாம். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ராயப்பேட்டைக்குப் போனேன். அந்தக் கடையை நானாகக் கண்டுபிடித்து, "இதுவா? எனக்கு எப்பவோ தெரியுமே" என்று அவளிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் திட்டம். ஒவ்வொரு பேக்கரியாக ஏறி "டம்ளர்ல வெட்டுற பீட்சா இருக்கா?" என்று கேட்டேன். ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டில் இருக்கிற பெரிய கடைக்கு வழி சொன்னார். ஐந்தாவதோ ஆறாவதோ கடை, பெரியாஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில். தட்டில் பன்னை அடுக்கிக்கொண்டிருந்த பாய் நிமிர்ந்தார்.

"கீது மா. ஆனா சனிக்கெழம மட்டும்தான்."

வந்த கோபத்தில் அவரிடம் ஒரு விசாரணையும் நடத்தினேன். "பாய், நீங்க எந்த ஊரு? திருநெல்வேலிப் பக்கமா?" அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால் எனக்குப் பாதி ஆறியிருக்கும். எங்கள் ஊர்க்காரர், எங்கள் பீட்சா, எங்கள் விஷயம்.

"இன்னா மா திருநெல்வேலி? நான் பொறந்ததே இந்தப் பின்னாடித் தெருவுலதான். எங்கப்பா காலத்துலேர்ந்து போட்டுக்கினுகீறோம்."

"டம்ளர்ல வெட்டுறது?"

"பின்ன எப்டி வெட்டுறது? கத்தி போட்டா சீஸ் இழுத்துக்கினு வந்துடும்ல?"

அதுவும் போயிற்று. இத்தனை வருடம் பாளையங்கோட்டைக்கே உரியது என்று நான் நினைத்திருந்ததை ராயப்பேட்டையில் ஒரு தலைமுறை சாப்பிட்டு வளர்ந்திருக்கிறது. அந்த மருதாணிக் கைக்காரியும் அதைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்திருப்பாள். வெறுங்கையோடு போக மனமில்லாமல் ரெண்டு பன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை அவள் போன் செய்தாள். "ஏட்டி, நாளைக்குச் சாயங்காலம் வாரியா? ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்கன்னு கேக்காத, என்னன்னும் கேக்காத. போன வாரமே கூப்ட்ருப்பேன், மொதல்ல நான் தின்னு பாத்துட்டு, நம்ம ஊரு மாதிரிதான்னு உறுதி பண்ணிட்டுக் கூப்டுவோம்னு இருந்தேன். சும்மா கூப்ட்டு, நீ ஏமாந்து போயிட்டேன்னா?" குரலில் அவ்வளவு குதூகலம். ஸ்டேட்டஸைப் பார்த்தும் நான் ஒன்றும் எழுதாததால், படம் என்னவென்று எனக்குப் புரியவில்லை என்றே நினைத்திருக்கிறாள். "சரி, வாரேன்" என்றேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் வந்ததால் பொறாமை போய்விடவில்லை; இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன.

சந்தின் முனையில் அந்த ஒருத்தியும் நின்றிருந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். "வாங்க வாங்க, இவ எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நிமிடமே என் சிநேகிதியைப் பார்த்து, "மச்சி, போய் எடம் புடி, கூட்டமா கீது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாக நாங்கள் ஒருத்தியை ஒருத்தி "ஏட்டி" என்று கூப்பிட்டுக்கொள்கிறோம். மச்சியாம்.

கடைக்குள் நுழைந்ததும் நான் பாயின் பார்வையில் படாமல் ஒதுங்கிப் பார்த்தேன். முடியவில்லை. "இன்னா மா, புதன்கெழம வந்து எந்த ஊரு எந்த ஊருன்னு கேட்டுக்கினு போனியே! கரெக்டா வந்துட்ட" என்று உரக்கச் சொன்னார். என் சிநேகிதி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அவள் போய் பெஞ்சில் இடம் பிடித்தாள். என்னவென்று கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

பீட்சா வந்தது. பாய் எங்கள் கண் முன்னால் டம்ளரைக் கவிழ்த்து அழுத்தினார். வாசனையே போதுமாயிருந்தது, பாளையங்கோட்டைதான், சந்தேகமே இல்லை. அவள் நடுத்துண்டை எடுத்து, யோசிக்கக்கூடச் செய்யாமல், பழக்கத்தில் என் பக்கம் வைத்தாள்.

"ஏ மச்சி, இன்னா பண்ற?" என்றாள் அந்தப் பெண். "போன வாரம் நான் எடுத்தத எங்கையிலேர்ந்து புடுங்கித் துன்னே. அவ்ளோ சண்ட போட்டே. இன்னிக்கி தானமா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "சும்மா இருடி" என்றாள்.

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் படத்தில் இருந்த அந்த வட்டம் அவள் தின்றது. பிடுங்கித் தின்றிருக்கிறாள். இருபது வருடத்தில் என்னிடமிருந்து ஒரு வெங்காயத் துணுக்கைக்கூடப் பிடுங்காதவள், இரண்டு மாதப் பழக்கத்தில் இன்னொருத்தியோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். எனக்கு அந்தச் சண்டை மேல் அப்படி ஒரு பொறாமை வந்தது.

"நீ சாப்பிடு" என்று தட்டைத் தள்ளினேன். "வேண்டாம்ட்டி, நீ சாப்பிடு" என்று அவள் திருப்பித் தள்ளினாள். இரண்டு மூன்று தடவை போய் வந்தது. அந்தப் பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாயிடம் கத்தியை வாங்கி நடுத்துண்டை மூன்றாக அறுத்தாள். சீஸ் எல்லாம் கத்தியோடு இழுத்துக்கொண்டு போயிற்று. அவள் அதை வழித்து மூன்று துண்டின் மேலும் அப்பினாள். "இதுக்குப் போயா" என்று தன் பங்கை வாயில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு சுலபமான ஒரு காரியம் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியதே இல்லை.

சாப்பிட்டு முடித்து அந்தப் பெண் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நாங்கள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம்.

"உனக்கு நடுத்துண்டு புடிக்குமா?" என்று கேட்டேன்.

"புடிக்கும்."

"எப்ப இருந்து?"

"எப்பவுமேதான்."

"அப்பம் ஏன் சொல்லல?"

"ஒருக்க சொன்னேன்லா. ஏழாப்புல. நீ ஒரு வாரம் எங்கூடப் பேசல. வேற பெஞ்சுல போயி உக்காந்துக்கிட்ட." கோபமாகச் சொல்லவில்லை. "அதுக்கப்புறம் நான் ஓரத்தையே புடிச்சுக்கிட்டேன்."

எனக்கு அது நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவளுக்குப் பெஞ்சு முதற்கொண்டு நினைவிருந்தது. அந்த இடத்தில் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் எனக்கு வந்தது வேறு.

"இத அவட்டயும் சொல்லிட்டியா?"

அவள் நடையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். புதன்கிழமை நான் வந்து போனது உட்பட எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்தது.

"சொல்லல" என்றாள். "உங்க ஊர்ல நடுத்துண்டு யாரு சாப்டுவீங்கன்னு அவ கேட்டா. ஒரு வாரம் நான், ஒரு வாரம் நீ, மாத்தி மாத்திச் சாப்டுவோம், நீ ரொம்ப நல்லவன்னு சொல்லி வச்சிருக்கேன்."

மயிலாப்பூர் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். அவளோடு மாற்றி மாற்றிச் சாப்பிட்ட அந்த நல்லவள் மேல் வீடு வந்து சேரும்வரை எனக்குப் பொறாமையாக இருந்தது.