சாரதிக்குப் போட்ட மாலை: சென்ட் லோரன்டிலிருந்து புவாண்ட்-கிளேர் வரை

மொன்றியலில் ஒரு நாள்தான் இருப்போம், எங்கே போகலாம் என்று போன கிழமை இரண்டு பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள். சென்ட் லோரன்டில் பஸ் ஏறிப் புவாண்ட்-கிளேருக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். ஏறக்குறைய பதினைந்து கிலோமீற்றர். வழியில் பார்க்க ஒன்றுமே இல்லை. நான் போனது 1987 பெப்ரவரியில், ஒரு சனிக்கிழமை. ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கப் போனேன்.

அப்போது நான் அகதியாக வந்து ஐந்து மாதம். ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. காலை ஆறு பத்து பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது வர இருபத்தைந்து நிமிடம் ஆகும், அதற்குள் என் மெஷினில் வேறொருத்தியை இருத்திவிடுவார்கள். எனக்கோ பனியில் நடக்கவே தெரியாது, ஓட்டம் எங்கே! அந்தப் பஸ்ஸின் சாரதி ஒரு நரைத்த மீசைக்காரர். தெருமுனையில் என் தலை தெரிந்தால் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். ஒரு நாள் நான் வழுக்கி விழுந்தபோது இறங்கி வந்து தூக்கிவிட்டார். நவம்பரிலிருந்து என் வேலையைக் காப்பாற்றியவர் அவர்தான், பெயர்கூடத் தெரியாது.

தொழிற்சாலையில் கிரேக்கப் பெண்கள், ஹெயிட்டிப் பெண்கள், போர்த்துக்கேயப் பெண்கள், ஒரே தமிழச்சியாக நான். வெட்டி மிஞ்சிய துணியில் ஆளுக்கொரு சதுரம் தைத்து, எல்லாவற்றையும் ஒரே திரையாக இணைத்து, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு தேவாலய மண்டபத்தில் தொங்கவிடுவது என்று முடிவானது. இந்த ஊரில் யாருக்கு, எதற்கு நன்றி சொல்ல வேண்டுமோ அதைத் தைக்கவேண்டும். கிரேக்கக்காரி ஒருத்தி தன் வீட்டுச் சூடேற்றியைத் தைத்தாள். நான் பஸ்ஸைத் தைத்தேன். எங்கள் ஊர்ப் பஸ்களில் முன்கண்ணாடிக்கு மேலே மாலையோடு சாமி படம் இருக்குமே, அந்த இடத்தில் சாரதியின் முகத்தை வைத்து, மஞ்சள் நூலில் ஒரு மாலையும் போட்டுவிட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

என்னோடு அறையில் இருந்த ராஜினி யாழ்ப்பாணத்துக்காரி. வெள்ளி பின்னேரம் துணியை விரித்துப் பார்த்தாள்.

"வடிவாய்த்தான் கிடக்கு. ஆள் எப்ப மோசம் போனவர்?"

"என்னடி கதைக்கிறாய்? ஆள் உயிரோட இருக்கிறார்!"

"உயிரோட இருக்கிற மனிசன்ரை படத்துக்கு ஆரும் மாலை போடுவினமே? கழட்டிவிடு."

கிறிஸ்மஸுக்குப் பிறகு அவரை நான் கண்டதே இல்லை. புதுச் சாரதியிடம் கேட்டபோது, "ரெமோனைக் கேட்கிறீர்களா? புவாண்ட்-கிளேர் வழிக்கு மாற்றிக்கொண்டு போனவர். பிறகு வீட்டில் ஏதோ நடந்ததாம், ஆளைக் காணவில்லை" என்றிருந்தார். அதைக் கேட்ட பிறகுதான் நான் மாலையைத் தைத்திருக்கிறேன். நூலைக் கழற்றினால் மட்டும் போட்டது போடாததாகிவிடுமா?

மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்குப் புறப்பட்டேன். குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகை. மாதப் பாஸ் இருந்ததால் செலவில்லை. பஸ்ஸில் ஏழு பேர், யாரும் பேசவில்லை. கண்ணாடியில் மூச்சுப் படிந்து உறைந்திருந்தது. விரலால் ஒரு சின்ன வட்டம் தேய்த்துப் பார்த்தேன். பண்டசாலைகள், பிறகு வெறும் வெளி, பிறகு எதுவுமே இல்லாத வெள்ளை. வானம் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. காலடியிலிருந்து வந்த வெப்பத்தில் கண் சொருகியது. திருகோணமலையில் கடலோரம் போகும் பஸ்ஸில் இருக்கிறேன் என்று ஒரு கணம் நம்பியே விட்டேன். விழித்தபோதும் அந்த நம்பிக்கை முழுதாகப் போகவில்லை. இவ்வளவு அமைதியான ஊருக்கு என்னை யார் கொண்டுவந்து சேர்த்தது என்று நினைத்து, காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. உடனே மடியிலிருந்த துணி ஞாபகம் வந்து, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பத்தே முக்காலுக்கு, புவாண்ட்-கிளேர் பஸ்கள் வந்து திரும்பும் கடைத்தொகுதி வாசலில் இறங்கினேன். அறுபது சதத்துக்கு ஒரு கோப்பி வாங்கிக் கண்ணாடிக் கதவோரம் நின்றேன். முதல் பஸ்ஸில் ஒரு இளைஞர். இரண்டாவதில் கண்ணாடி போட்டவர். பதினொன்று ஐம்பதுக்கு வந்த மூன்றாவது பஸ்ஸில் அந்த மீசை! கோப்பியை வைத்துவிட்டு ஓடினேன். இந்த முறை விழவில்லை.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் மெலிந்திருந்தார். புறப்பட எட்டு நிமிடம் இருந்தது. துணியை வாங்கி ஸ்டியரிங்கின் மேல் விரித்து, தன் மீசையைப் பார்த்துச் சிரித்தார். இந்தப் பூக்கள் என்ன என்று கேட்டார். மாப்பிள்ளைக்கும் மாலை போடுவோம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "எங்கள் வீடுகளில் படத்துக்கு மாலை போட்டால் அவர் இறந்துவிட்டார் என்று அர்த்தம். பிழை விட்டுவிட்டேன், மன்னியுங்கள்" என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

துணியை மடித்து என்னிடம் தந்துவிட்டுப் பஸ்ஸை எடுத்தார். முன் இருக்கையில் நான் கல்லாக இருந்தேன். நாலு தரிப்பிடம் கழிந்தது. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, என்னைப் பார்க்காமலே, "என் மனைவி. ஜனவரியில்" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கறுப்புவெள்ளைப் படத்தை எடுத்து நீட்டினார். "பூக்களை எறியாதீர்கள். அவளுக்குக் கொடுங்கள்." மீதி வழியெல்லாம் நான் அழுதேன். துடைக்கவும் வெட்கப்படவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பெப்ரவரியில் போங்கள், சனிக்கிழமை முற்பகல், கூட்டம் இருக்காது. வலப்பக்கம் முன் இருக்கை. போய்வர இரண்டரை மணித்தியாலம் வையுங்கள். இரண்டு சோடி காலுறை அவசியம். கட்டணத்தை அன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள், என் கணக்கு பழையது. ஏறும்போது சாரதிக்குப் பிரெஞ்சில் வணக்கமாக ஒரு "பொன்ஜூர்" சொல்லுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

அன்றைக்கு அடுத்த ஞாயிறு தேவாலய மண்டபத்தில் கண்காட்சி. நான் அழைத்திருந்தபடி ரெமோன் சீருடையோடு வந்தார். முப்பத்திரண்டு சதுரங்களில் தன்னுடையதைத் தேடிப் பிடித்தார். நான் திருத்தித் தைத்திருந்தேன்: பஸ்ஸுக்குள் அவர், மேலே மாலைக்குள் மனைவி. கணவன் இருக்கப் போனவள் என்பதால் நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்திருந்தேன். தோளில் நீளக் கரும்பின்னல் ஒன்றும் விழுந்திருந்தது. அவர் அந்தப் பின்னலை விரலால் தொட்டார்.

"இவளுடைய தலைமயிர் மஞ்சள், கட்டையானது" என்றார்.

எனக்குப் பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது. படத்தில் அவள் தொப்பி போட்டிருந்தாள். தொப்பிக்குள் வேறு நிறத்து மயிரும் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கழற்றித் திரும்பத் தைத்துத் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம்" என்றார். "அவள் இந்த நகரத்தை விட்டு ஒரு இடமும் போனதில்லை. இப்போது உங்கள் ஊருக்குப் போயிருக்கிறாள்."