லெந்துக்கு விட்டது

“…அது கெடக்கட்டும், அவ கை வெந்துபோனது உனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட சொல்லாதத உன்கிட்ட சொல்லுவாளா?” என்று எங்கள் தெரு அக்கா கேட்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவளை நான்தான் ஓரமாக அழைத்துப் போயிருந்தேன். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அவள் மகளுக்குக் கையில் எண்ணெய் கொட்டிவிட்டது என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை. வாய் என்னைக் கைவிட்டது அன்றைக்குத்தான்.

வந்த வினையெல்லாம் அந்த வாயால் வந்தது.

எங்கள் சித்தூர்ப் பக்கத்துச் சபையில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து வந்தால் ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். கறியை விடுவார்கள், காபியை விடுவார்கள். பால் ஊற்றும் பெரியவர் ஒருவர், “நான் சண்டைய உட்டுட்டேன், என் பொண்டாட்டி உடல, அதான் கஷ்டமா கீது” என்பார். ஈஸ்டர் அன்று, சொன்னபடி காத்தவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். அந்த வருஷம் நான் விட்டது, போனில் எல்லாரும் படம் போட்டுப் பேசிக்கொள்ளும் அந்தத் தளத்தை.

நான் எட்டாவதோடு நின்றவள். தையல் மிஷினில் உட்கார்ந்தால் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. வீட்டுக்கு ஒருவர் சென்னை, பெங்களூர், குவைத் என்று போய்விட்ட பிறகு எங்கள் தெருவே அந்தத் தளத்தில்தான் குடியிருந்தது. குவைத்துக்குப் போன ஒருத்தி, “இங்க வெயிலு நம்ம ஊரு வெயிலுக்கு மாமியாரு” என்று எழுதுவாள். அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்துவிட்டேன். பெண்ணின் அம்மா வந்து கத்திவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் இதை லெந்துக்கு விடலாம் என்று தோன்றியது. விட்டேன். உண்மையாகவே காத்தேன்.

ஈஸ்டர் அன்று அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பெண்கள் பக்கத்தில் முன்வரிசை முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிரசங்கம் செய்யும் எங்கள் சபை ஐயர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கேட்கிறவர் முகம் மலர்ந்தால் எனக்குப் பேச்சு நிற்காது. “இனிமே என் உசுரு உள்ள வரைக்கும் அதைத் தொடமாட்டேன்” என்று சேர்த்துவிட்டேன். அப்படி ஒன்றை என்னிடம் யாரும் கேட்கவில்லை. லெந்து, லெந்தோடு முடிகிற விஷயம். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது.

அடுத்த வாரமே, தைத்த துணிகளைத் திருப்பதிக் கடையில் கொடுக்கப் பஸ்ஸில் போனேன். சந்திரகிரி தாண்டுவதற்குள் மல்லிகைப்பூப் படம் ஒன்றை வைத்து, யாருடையதும் அல்லாத ஒரு பெயரில், மறுபடி உள்ளே போய்விட்டேன். பார்க்க மட்டும்தான் செய்வேன், பேசமாட்டேன், பேசாமல் பார்ப்பதில் குற்றமில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

இந்த அக்கா மாம்பழ சீசனில் ஜூஸ் பேக்டரிக்குப் போகிறவள், மற்ற நாளில் கூலி வேலை. என் சாட்சியைக் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனைக் கொடுத்து அந்தத் தளத்தை அழித்துவிடச் சொல்லிவிட்டாள். சில நாள் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீயே உட்டுட்ட, எனக்கு இன்னாத்துக்கு அது?” என்றாள். அவள் மகளுக்கு நின்று பேச நேரம் கிடைப்பது வெள்ளிக்கிழமைதான். மற்ற நாளில் ஒரு படத்தைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். அந்தப் படம்தான் அக்காவுக்கு மகள். நான் திரும்பிப் போனதை அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். “நல்லதுக்கா” என்றேன்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பெற்றவள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். மொட்டை மாடியில் புறாக்களோடு நின்றாள், புதுத் துணி போட்டாள். அக்கா தெருவில் நின்று, “எளச்சிப் போயிருப்பா” என்று சொல்லும்போது, அவள் பூசினாற்போல் ஆகியிருந்தது எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வாரம் அதே திருப்பதி பஸ்ஸில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் துணி சுற்றிய கை. என்ன ஆச்சு என்று கேட்ட தோழிகளுக்கு அவள் பதில் போட்டிருந்தாள்: “எண்ணெ கொட்டிக்கிச்சு. அம்மா இதுல இல்ல, அதான் போட்டேன். ஊர்ல யாரும் சொல்லிடாதீங்க.”

படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அவளே சொல்லவேண்டாம் என்கிறாள், நான் ஏன் சொல்ல வேண்டும்? கையைப் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சனிக்கிழமை அக்கா வீட்டு வழியாகப் போனபோது அவள் உரலில் சுக்கும் மிளகும் இடித்துக்கொண்டிருந்தாள். மகள் பேசினாளாம், நன்றாக இருப்பதாகச் சொன்னாளாம், குரல் மட்டும் ஒரு மாதிரி இருந்ததாம். சளி என்றாளாம். நாகலாபுரத்துப் பையன் ஒருவன் குவைத்துக்குக் கிளம்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்ப மருந்துப் பொடி இடிக்கிறேன் என்றாள். நான் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். நான் நிஜமாகவே விட்டிருந்தால் இந்தக் கை யாருக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதும் வெட்கம்தான். இன்றைக்கும் அதில்தான் இருக்கிறேன். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் பார்க்கிறேன், பார்த்துவிட்டுத் திட்டிக்கொள்கிறேன்.

எப்படித் தெரியும் என்ற கேள்வியோடு அக்கா என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். ஐயர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனதும், போனைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினேன்.

“நான் உடலக்கா. சாட்சி சொன்ன அடுத்த வாரமே திரும்பிப் போயிட்டேன்.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் போனை என் கையிலிருந்து வாங்கி, முந்தானையால் துடைத்து, கோயில் படியில் உட்கார்ந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. துணி சுற்றிய கையைக் கிட்டத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் அந்தப் படத்தை மேலே தள்ளினாள். மொட்டை மாடி வந்தது. புறாக்கள் வந்தன. அதையும் பார்த்து முடித்து, இன்னும் பழையதைத் தேடித் தள்ளிக்கொண்டே போனாள்.