சாகாத பிள்ளைக்கு அழுத கதை

பெண் பார்க்க வந்தபோது என் மாமியார் முக்கியமாகக் கேட்டது ஒன்றுதான்: பெண்ணுக்கு சினிமாப் பைத்தியம் உண்டா? கொட்டகை வாசலைக்கூட மிதித்ததில்லை என்று அம்மை கண்ணிமைக்காமல் சொன்னாள். உண்மையில் தக்கலைக்கு வந்த மலையாளப் படம் ஒன்றையும் நாங்கள் இரண்டு பேரும் விட்டதில்லை.

கல்யாணமான வருஷமே, நாங்கள் பார்த்து அழுத ஒரு படத்தைத் தமிழில் எடுத்து நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள். சாமி படத்துக்கு மட்டும் போகிற மாமியார், நல்ல குடும்பக் கதை என்று ஊரில் பேசிக்கொண்டதால் என்னையும் கூட்டிக்கொண்டு தோவாளையில் பஸ் ஏறினார்.

கொட்டகையில் பெண்கள் பக்கம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து மனசுக்குள் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அங்கே ஆற்றில் வள்ளம், இங்கே ரோட்டில் மாட்டுவண்டி. அங்கே கதாநாயகி முண்டும் நேரியதும் உடுத்து மெல்லப் பேசுவாள். இங்கே பட்டுச்சேலை கட்டி மூச்சு விடாமல் வசனம். பாட்டு மட்டும் அதே மெட்டு. மலையாளத்தின் கால்தூசிக்குக் காணாது என்று எனக்கு ஒரே இளக்காரம்.

அப்புறம் படத்தில் கதாநாயகியின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மலையாளத்தில் அது தாய் மடியில் செத்துப்போகும். அது நினைவு வந்ததுமே எனக்குக் கண் முட்டிவிட்டது. திரையில் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறது. நான் தேம்பித் தேம்பி அழுகிறேன். தமிழில் வைத்தியர் வந்து மருந்து கொடுக்க, பிள்ளை எழுந்து ஓடிற்று. பக்கத்திலிருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், சாகாத பிள்ளைக்கு ஏன் அழுதாய் என்று கேட்டார். எனக்குப் பொய் வாயில் வரவில்லை. அம்மையோடு போய்ப் பார்த்தது, அம்மை முந்தானை நனைய அழுதது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நேரே அடுக்களைக்குப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

தலைப்பொங்கலுக்குச் சீராகப் படி கொடுக்க அம்மை வந்தாள். அரிசி, வாழைக்குலை, கரும்பு எல்லாம் இறக்கி வைத்து நான் அவளோடு தனியாக ஒரு வார்த்தை பேசுவதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். தமிழ்ப் படத்தைப் புகழ்ந்துவிட்டு, மலையாளத்தில் அந்தப் பிள்ளை செத்துப்போகுமாமே என்று சாதாரணமாக விசாரித்தார். நான் கதவோரம் நின்று கண்ணைக் காட்டினேன். அம்மை என் பக்கம் பார்க்கவே இல்லை.

“எனக்கு எப்பிடித் தெரியும் மைனி? நாங்க படமெல்லாம் காணப் போறதில்லையே” என்றாள்.

மாமியார் என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு மக்கா. ஒங்க அம்மை எப்பிடி அழுதான்னு சொல்லு.”

அம்மை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பொய் சொன்னது எனக்காக. அவளைக் காட்டிக்கொடுத்தது நான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி யாரும் அவளை வற்புறுத்தவில்லை, நானும்கூட.